ஆள் ஏறினால்தான் கிலோ

தீவின் விமான நிலையத்தை ஒட்டிய லம்பா லைனில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தால் தலைக்கு மேலே விமானத்தின் வயிறு தெரியும். அது இறங்கும்போது போனில் பேசுகிறவர்களிடம் "கொஞ்சம் இருங்க" என்று சொல்லிவிட்டுக் காத்திருப்போம். இத்தனை வருஷம் அதன் அடியிலேயே குடியிருந்தும் என் அம்மா அதில் ஏறியதில்லை. மெயின்லேண்டுக்குப் போனால் கப்பல்தான். கப்பலில் யாரும் பெரிதாக எதையும் நிறுத்துப் பார்ப்பதில்லை. தகரப் பெட்டி, பாய், தலையணை, வாளி, குளிக்க மக்கு, வழிக்குக் கட்டுச்சோறு, சொந்தக்காரர்களுக்குத் தேங்காய்ச் சாக்கு என்று எல்லாவற்றையும் அடுக்குப் படுக்கை போட்ட பங்க் வகுப்பில் காலை நீட்ட இடமில்லாமல் அடுக்கிக்கொண்டு போய்ப் பழகிய ஜனங்கள் நாங்கள். எங்களிடம் வந்து பதினைந்து கிலோ, ஏழு கிலோ என்றால் எப்படி இருக்கும்.

அம்மாவின் வயிற்றை இங்குள்ள ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டு, சென்னைக்குக் கொண்டு போங்கள் என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். அந்த வயிற்றை வைத்துக்கொண்டு கப்பலில் வாந்தி எடுத்துக்கொண்டே போக அம்மாவால் முடியாது. விமானத்தில் போட்டேன், போக இரண்டு டிக்கெட், வர இரண்டு டிக்கெட். அம்மாவிடம் வயிற்றில் ஒரு கட்டி, எடுத்துவிட்டு இரண்டு வாரத்தில் வந்துவிடலாம் என்று சொல்லியிருந்தேன். டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னது வேறு. என் கணவருக்குத் தீவுகளுக்கிடையே ஓடும் கப்பலில் வேலை, அந்த மாதம் அவர் கரைக்கே வரவில்லை. அதனால் நான் ஒருத்தியாகவே அந்தப் பொய்யைச் சொல்லி, நான் ஒருத்தியாகவே அதைக் காப்பாற்றிக்கொண்டிருந்தேன்.

அம்மா கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"வர்றதுக்கும் எனக்கு டிக்கெட் போட்டியா, புள்ள?"

போட்டிருக்கிறேன் என்று போனில் காட்டினேன். அவளுக்குப் படிக்க வராது. என் முகத்தைத்தான் பார்த்தாள். எது எப்படிப் போனாலும் இவளைத் திரும்பக் கொண்டுவந்து இந்த வீட்டில் சேர்த்துவிட வேண்டும் என்று அப்போதே மனதில் முடிச்சுப் போட்டுக்கொண்டேன்.

அன்று சாயங்காலம் அவளை உட்காரவைத்து விதிகளை வாசித்தேன். பெரிய பை ஆளுக்குப் பதினைந்து கிலோ. கையில் ஏழு கிலோ. கத்தி, கத்தரிக்கோல் பெரிய பையில் மட்டும். போன் சார்ஜ் போடும் பவர் பேங்க் கைப்பையில் மட்டும். எண்ணெய், மருந்துத் தண்ணீர் கைப்பையில் கொஞ்சம்தான். தீப்பெட்டி, கற்பூரம், காய்ந்த தேங்காய் இரண்டிலும் கூடாது. கடல் சிப்பி, பவளம் என்று எதையும் தீவைவிட்டுக் கொண்டுபோகவே கூடாது. வாசிக்க வாசிக்க எனக்கே எரிச்சல் வந்தது. ஆபத்தான நிலையில் இருக்கிற ஆளுக்கு ஒரு விதியும் கிடையாது, தேங்காய்க்கு உண்டு.

அம்மா கவனமாகக் கேட்டது எடையை மட்டுந்தான்.

"எனக்கு என்னாத்துக்குப் பதினஞ்சு கிலோ? என்னோடதையும் நீ எடுத்துக்கயேன்."

"ரெண்டு பேருக்கும் ஒரே டிக்கெட்டும்மா. சேத்துப் போட்டுக்கலாம். ஆனா நீயும் ஏறணும். ஆள் ஏறினாத்தான் கிலோ."

"ஓ," என்றாள். "ஆளுக்குத்தான் கிலோவா."

அப்புறம் தன்பாட்டில் பழைய கதைக்குப் போய்விட்டாள். அம்மா இலங்கையில் மலைத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவள். இந்தியாவுக்குப் போ என்று குடும்பத்தோடு அனுப்பியபோது இவ்வளவுதான் கொண்டுபோகலாம் என்று ஒரு கணக்குச் சொன்னார்களாம். தலைமன்னாரில் பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு, இந்தப் பித்தளைக் குத்துவிளக்கு கணக்குக்கு மேலே இருக்கிறது, திருப்பிக் கொண்டுபோய் வைத்துவிட்டு வா என்றார்களாம். எங்கே திருப்பிக் கொண்டுபோவது, அவர்கள் இருந்த லயத்து அறையில் வேறு ஆள் குடிவந்தாயிற்று. விளக்கைக் கரையிலேயே வைத்துவிட்டு ஏறினாள். மண்டபம் முகாம், அங்கிருந்து கப்பலில் கச்சால் தீவு, ரப்பர்த் தோட்டம். கல்யாணம், நான், அப்பாவின் சாவு. அதன் பிறகு கடல் ஊருக்குள் வந்த வருஷம் ஒரு ஹெலிகாப்டரில் ஏற்றி இங்கே கொண்டுவந்து விட்டார்கள், அப்போதும் கையில் ஒரு பைதான் என்றார்கள்.

"சாமான நிறுக்கிற எடத்துல இருந்து என்னய யாரும் திருப்பிக் கூட்டிட்டு வந்ததில்ல, புள்ள," என்றாள்.

"நான் கூட்டிட்டு வர்றேன். பேசாம இரு," என்றேன். எனக்குக் கோபம்தான் வந்தது. பயத்தில் வருகிற கோபம், பார்க்க ஒரே மாதிரிதான் இருக்கும்.

தீவில் யாராவது மெயின்லேண்டுக்குப் போகிறார்கள் என்று தெரிந்தால் போதும், பொட்டலங்கள் வர ஆரம்பித்துவிடும். கல்லூரியில் படிக்கும் மகனுக்குக் கருவாடு, கட்டிக் கொடுத்த பெண்ணுக்குத் தேங்காய் எண்ணெய், யாரோ ஒரு சம்பந்திக்குப் பாக்கு. வாங்கமாட்டேன் என்று சொன்னால் அது பெரிய பகை. நான் வாசலில் நின்றே எல்லோரையும் திருப்பி அனுப்பினேன். பக்கத்து வீட்டு வங்காளி அம்மா, "தோடா ஸா ஹை," கொஞ்சம்தானே என்று கருவாட்டுப் பொட்டலத்தை நீட்டிக்கொண்டே நின்றார். அம்மாவுக்கு அவமானமாக இருந்தது. சாவு வீட்டுக்குப் போகிறவளிடங்கூடக் கொடுத்துவிடுகிறார்கள், நாம் வாங்கிக்கொண்டு போவதில்லையா என்றாள்.

வண்டூரிலிருந்து ஸ்கூட்டரில் மீன் கொண்டுவருகிறவரிடம் கொக்கித் தராசு இருக்கிறது. அவரை நிறுத்தி இரண்டு பைகளையும் மாட்டிப் பார்த்தேன். என் பை பதின்மூன்றுக்கு மேலே. அம்மாவின் பை பாதிதான் இருந்தது. எனக்குத் திருப்தி. கப்பலுக்குச் சாமான் கட்டுகிற கை, ஒரு வாளியைக்கூட விட்டு வராத கை, முதல் தடவையாக என் பேச்சைக் கேட்டிருக்கிறது என்று நினைத்தேன். என்பாட்டுக்கு அதைப் பற்றி மீன்காரரிடம் பெருமை வேறு பேசினேன். இரண்டு பைகளின் கைப்பிடியிலும் மீன் வாடை ஒட்டிக்கொண்டது.

விமான நிலையத்தில் அம்மாவைச் சக்கர நாற்காலியில் உட்காரவைத்தார்கள். கவுண்டரில் பைகளைக் கொடுத்து, அவை உருண்டு உள்ளே போனதும் அப்பாடா என்று இருந்தது. போர்டிங் சீட்டைக் கையில் வாங்கிக்கொண்டு நகரப் பார்த்தபோது ஒருவர் வந்து, ஒரு பையில் ஏதோ இருக்கிறது, திறந்து காட்ட வேண்டும் என்று எங்களை ஓரத்து அறைக்குக் கூட்டிப்போனார். அங்கே மேசைமேல் அம்மாவின் பை இருந்தது. பாதுகாப்புப் பெண் ஒருத்தி கையுறை போட்டுக்கொண்டு நின்றாள்.

திறந்தேன். மேலே இரண்டு வீட்டுப் புடவை, ஒரு சால்வை, எவர்சில்வர் டம்ளர். அதற்கு அடியில் புது வெள்ளைப் புடவை ஒன்று, மடிப்புக் கலையாமல், மூட்டையாகக் கட்டியிருந்தது. அந்தப் பெண் முடிச்சை அவிழ்த்தாள். ஒரு கற்பூரப் பாக்கெட். தீப்பெட்டி. நார் உரித்த காய்ந்த தேங்காய் ஒன்று. ஊதுபத்தி. மஞ்சள். ஒரு துணிச் சுருக்கில் பச்சரிசி, அதற்குள்ளேயே ஒரு ரூபாய்க் காசு.

"யே ஸப் க்யா ஹை, மாஜி?" என்று கேட்டாள் அவள். இதெல்லாம் என்ன என்று.

"பூஜா கா சாமான், பேட்டி," என்றாள் அம்மா, நாற்காலியில் இருந்தபடியே. குரலில் ஒரு நடுக்கமும் இல்லை.

எந்தப் பூசைக்கு வெள்ளைப் புடவையும் வாய்க்கரிசியும் நெற்றிக் காசும் என்று எனக்குத் தெரியாதா. அந்த அறையில் தமிழ் தெரிந்தவர்கள் நாங்கள் இரண்டு பேர்தான். அந்தப் பெண் மரியாதையாகத்தான் நடந்துகொண்டாள். கற்பூரமும் தீப்பெட்டியும் தேங்காயும் மட்டும் கூடாது, மற்றதெல்லாம் எடுத்துக்கொண்டு போகலாம் என்று சொல்லி, அந்த மூன்றையும் ஒரு பெட்டிக்குள் போட்டாள். அதில் ஏற்கெனவே லைட்டர்களும் யார் யாரோ கொண்டுவந்த தேங்காய்களும் கிடந்தன. புடவையைத் திரும்ப மடிக்க எனக்குக் கை வரவில்லை. அவளே மடித்து வைத்தாள்.

உள்ளே போய் உட்கார்ந்த பிறகுதான் வாயைத் திறந்தேன்.

"எப்பக் கட்டி வச்ச?"

"நீ வாசிச்சியே, அன்னிக்கு."

"தீப்பெட்டி கூடாதுன்னும் வாசிச்சேனே."

"வாசிச்ச. அங்கிட்டு ஒடனே கெடைக்குமோ என்னமோன்னுதான் புள்ள. ஒங்கப்பாவுக்கு ஒண்ணுமே இல்லாமப் போச்சுல்ல."

அப்பா செத்தது மழைக்காலத்தில். கச்சாலுக்குக் கப்பல் வந்து வாரக் கணக்கில் ஆகியிருந்தது. கடையில் கற்பூரம் இல்லை, கோடித் துணி இல்லை, ஊதுபத்திகூட இல்லை. அவர் கட்டிக்கொண்டிருந்த பழைய வேட்டியைத் துவைத்துப் போர்த்தி, மண்ணெண்ணெய் ஊற்றிக் கொளுத்தினார்கள். நான் அப்போது சின்னப் பெண். எனக்கு மண்ணெண்ணெய் வாடை மட்டுமே நினைவிருக்கிறது. அம்மாவுக்கு எல்லாம் நினைவிருந்திருக்கிறது. சாவுச் சாமான் கப்பலில் வர வேண்டும், கப்பல் வராவிட்டால் இல்லை. அவளுக்கு உலகம் அவ்வளவுதான். தெருவுக்கு ஒரு கடை வைத்துக் கற்பூரம் விற்கிற சென்னைக்கு, இந்தத் தீவுக்காரி கற்பூரம் கட்டிக்கொண்டு கிளம்பியிருக்கிறாள்.

"கட்டிதானேம்மா. எடுத்துட்டா சரியாப் போயிடும்," என்றேன், இன்னும் விடாமல்.

"சரி," என்றாள். என் கையைத் தட்டிக்கொடுத்தாள். நான் சொல்லிக்கொண்டிருந்த பொய்யை அவள்தான் இத்தனை நாளும் எனக்காகத் தாங்கிப் பிடித்துக்கொண்டிருந்தாள். அழவேண்டும்போல இருந்தது. சுற்றிலும் சுற்றுலா வந்து திரும்புகிறவர்கள், தொப்பியும் வெயிலில் சிவந்த முகமுமாக. அழவில்லை. விமானம் கிளம்பியபோது நம் வீடு தெரிகிறதா என்று அம்மா ஜன்னலில் எட்டிப் பார்த்தாள். கடல்தான் தெரிந்தது.

சென்னையைப் பற்றி எழுத எனக்கு அதிகம் இல்லை. ஆஸ்பத்திரிக்கு எதிரே லாட்ஜில் ஒரு அறை. படம் எடுத்தார்கள், ஊசி போட்டார்கள், மறுபடி படம் எடுத்தார்கள். இனிமேல் கத்தி வைத்துப் பயனில்லை என்றார்கள். சரி, வீட்டுக்காவது கூட்டிப்போகிறேன் என்றேன். அப்போதுதான் எனக்கு அந்த இன்னொரு விதி தெரியவந்தது. இந்த நிலைமையில் இருக்கிறவர்களை ஏற்ற வேண்டுமானால், பறக்கத் தகுதியானவர் என்று டாக்டர் கையெழுத்துப் போட்டுத் தரவேண்டும். அவ்வளவு பக்கம் விதி வாசித்தவள் அதை எப்படித் தவறவிட்டேனோ. சாமான் பக்கத்தை வாசித்தேன், ஆள் பக்கத்தை வாசிக்கவில்லை.

டாக்டர் நல்ல மனிதர். மேலே போனதும் மூச்சு நின்றுவிட்டால் நான் என்ன செய்ய முடியும், நாலு நாள் பார்ப்போம், கொஞ்சம் தேறட்டும் என்றார். திரும்பும் தேதியை மாற்றினேன். நாலு நாள் கழித்து மறுபடி போய் நின்றேன். மறுபடி மாற்றினேன். கப்பலிலாவது போகலாமா என்று கேட்டேன், அவர் என்னைப் பார்த்த பார்வையில் வாயை மூடிக்கொண்டேன். கையெழுத்துக்காக அவர் அறை வாசலில் நான் நின்ற நேரத்தில் அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்திருக்கலாம். அது இப்போது தோன்றி என்ன பயன். அப்போது எனக்கு அவளை ஏற்றிவிட வேண்டும் என்பதைத் தவிர வேறொன்றும் தோன்றவில்லை.

"டிக்கெட்டு இருக்குல்ல?" என்று அம்மா தினமும் கேட்பாள்.

"இருக்கும்மா."

"அப்ப சரி."

ஒரு விடிகாலையில், நான் பிளாஸ்க்கில் காப்பி வாங்கிக்கொண்டு திரும்பி வருவதற்குள் போய்விட்டாள்.

கூடலூரிலிருந்து மாமா வந்தார். அம்மாவின் தம்பி. அவரும் அதே தலைமன்னாரில் ஏறியவர், அவரைத் தேயிலைப் பக்கம் அனுப்பினார்கள், அம்மாவை ரப்பர்ப் பக்கம் அனுப்பினார்கள். பிறந்த வீட்டுக் கோடி வாங்கி வரட்டுமா என்று பஸ்ஸிலிருந்தே போன் செய்தார். வேண்டாம், புடவை இருக்கிறது என்றேன். வந்து பார்த்துவிட்டு, "யார் வாங்கினது ஆயி இது?" என்று கேட்டார். அவளே என்றேன். அந்த மனிதர் ஆஸ்பத்திரி வராந்தாவில் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

மற்ற சாமானுக்கு நான் போனேன். ஆஸ்பத்திரிக் கேட்டிலிருந்து கூப்பிடு தூரத்தில் கடை. சாவுச் சாமான் என்று நான் சொல்லி முடிக்கவில்லை, கடைக்காரர் ஒரு பையை எடுத்து மேசைமேல் வைத்தார். எல்லாம் சேர்த்துக் கட்டித் தயாராக வைத்திருந்தார். கற்பூரம், தீப்பெட்டி, தேங்காய், ஊதுபத்தி. "வேற எதாச்சும் வேணுமாம்மா?" என்றார். பின்னால் இன்னும் நாலு பை அதேபோல் மாட்டியிருந்தது. இவ்வளவு லேசாகக் கிடைக்கிற சாமானுக்காக அம்மா மனதுக்குள் எத்தனை வருஷமாகப் பயந்துகொண்டிருந்தாள். அதுவரை அடக்கி வைத்திருந்ததெல்லாம் அந்தக் கடை வாசலில்தான் வந்தது. கடைக்காரர் ஒரு ஸ்டூலை எடுத்துப் போட்டார்.

அரிசியும் காசும் வெள்ளைப் புடவையும் அவள் கொண்டுவந்தவை. விமானத்தில் அனுமதித்தவை. அஸ்தியை மறுநாளே அங்குள்ள கடலில் மாமா கரைத்தார். அவளைக் கொண்டுவந்து வீட்டில் சேர்ப்பேன் என்று போட்ட முடிச்சு அத்தோடு அவிழ்ந்துபோயிற்று.

திரும்பும் நாளில் கவுண்டரில் சின்னப் பெண் ஒருத்தி இருந்தாள். பொட்டும் சிரிப்புமாக. என் போனைப் பார்த்துவிட்டு, "ரெண்டு பேர் இருக்கீங்க மேடம். இன்னொருத்தங்க?" என்றாள்.

"வரல."

"அப்பறமா வருவாங்களா?"

"வரமாட்டாங்க."

கணினியில் தட்டினாள். என் பையையும் அம்மாவின் பையையும் சேர்த்துத் தராசுப் பட்டையில் வைத்திருந்தேன். சிவப்பில் எண் ஓடி நின்றது. "அவங்க டிராவல் பண்ணலன்னா அவங்க வெயிட் உங்களுக்கு வராது மேடம். பதினஞ்சு மட்டுந்தான். மிச்சத்துக்கு எக்ஸ்ட்ரா கட்டிடறீங்களா?"

தெரியும். நானே வாசித்துச் சொன்ன விதிதான். கட்டியிருக்கலாம், பெரிய காரியமில்லை. ஆனால் என் அம்மாவின் இரண்டு புடவையையும் டம்ளரையும் அதிகப்படி என்று ஒரு ரசீது போட்டு வாங்கிக்கொள்ள எனக்கு மனசு வரவில்லை. தலைமன்னாரில் ஒரு தடவை அதிகப்படி என்று சொல்லிக் கேட்டது போதும். என் பையை இறக்கி, வரிசையில் நின்றவர்கள் பார்க்க, தரையில் உட்கார்ந்து திறந்தேன். முதலில் ஸ்கேன் படக் கட்டு. அதுவே நல்ல கனம். இனிமேல் அதை யார் பார்க்கப் போகிறார்கள். பிறகு என் புடவைகள், செருப்பு, போர்வை. எண் பச்சையாகும்வரை எடுத்து ஓரத்து நாற்காலியில் வைத்தேன். அம்மாவின் பையை நான் தொடவே இல்லை. அதன் கைப்பிடியில் இன்னும் லேசாக மீன் வாடை இருந்தது.

அந்தப் பெண் இரண்டு பைக்கும் என் பெயரில் சீட்டு ஒட்டினாள். ஒட்டிவிட்டு எல்லோரிடமும் கேட்கிற கேள்வியை என்னிடமும் கேட்டாள்.

"பேக்ல தீப்பெட்டி, கற்பூரம், தேங்காய் அந்த மாதிரி எதாச்சும் இருக்கா மேடம்?"

"இல்ல," என்றேன். "எல்லாம் தீந்துபோச்சு."

சரி மேடம் என்று சொல்லிப் பட்டனை அழுத்தினாள். பைகள் உள்ளே போயின.